பத்து மணி பதினோரு நிமிஷம்

ஸ்ட்ரிங்கிபார்க் என்கிற யூகலிப்டஸ் மரத்துக் கட்டை வெடிக்கிற சத்தத்தோடு வாழ்ந்தவன் துப்பாக்கிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கமாட்டான். நேராக வளர்ந்த மரம் சொன்ன பேச்சு கேட்கும். காற்று மேட்டில் முறுக்கிக்கொண்டு வளர்ந்தது கேட்காது. ஆப்பை உள்ளே வாங்கிக்கொண்டு, முனகி, அடம்பிடித்து, கடைசியில் ஒரே வெடியாக வெடித்து, பக்கத்தில் நிற்பவன் யாரென்று தேடிக்கொண்டு வரும். அந்த வியாழக்கிழமை கார்த்தின் கொட்டகையில் அது என்னைத் தேடிக்கொண்டு வந்தது. பாதிக் கட்டை முழங்காலுக்குக் கீழே அடித்தது. நான் மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன்.

கார்த் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எந்திரி கெழவா. உயிரோடதான இருக்க?"

"எலும்பு போச்சுடா."

"எலும்ப விடு. மிஷினப் பாத்தியா? போன வருஷம் இதே மாதிரி கட்டைய முக்கி முக்கிப் பாத்துட்டு நின்னு போச்சு. இப்ப பிஸ்கட்டு மாதிரி ஒடைக்குது. எப்புடி மாத்தியிருக்கேன் பாரு."

மாற்றியது அவன் இல்லை. அவன் மனைவி ரேலீன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் ஹோஸ் செய்கிற பட்டறையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். மரம் ஏற்றுகிற லாரிக்கும் புல்டோசருக்கும் எண்ணெய்க் குழாய் மாட்டின கை அது. மூன்று வாரமாக அந்த விறகு பிளக்கும் மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தாள். பழைய பம்பைத் தூக்கிவிட்டு, இரண்டு கட்டமாக வேலை செய்கிற பம்பை வைத்தாள். ஆப்பு கட்டையைத் தொடும்வரை வேகமாக ஓடும். தொட்டதும் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். எண்ணெய் திரும்பி வருகிற ஹோஸை அகலமாக்கினாள். ஒற்றை ஆப்பின் மேல் நாலு பக்க ஆப்பைச் செருகினாள். ஒரு தள்ளலில் நாலு துண்டு. நான் அவனிடம் பதினோரு வருஷமாக விறகு அடுக்குகிறவன், அப்படி ஒரு மிஷினை எங்கள் ஆற்றோரத்தில் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் காரணம் சமையலுக்குக் கட்டுகிற ஒரு ஏப்ரன். எங்கள் பக்கம் குளிர் உச்சத்தில் இருக்கிற ஜூலை மாதத்தில் ஃபுட்பால் கிளப் விறகு நாள் நடத்தும். தனியாகக் கிடக்கிற கிழடுகளுக்கும் புருஷன் செத்தவர்களுக்கும் குளிர் காலத்துக்கு வேண்டிய விறகை மைதானத்திலேயே பிளந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொட்டுவோம். நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியத்தைச் சும்மா செய்ய எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. மேலாற்றுக்காரன் ஒரு அணி, கீழாற்றுக்காரன் ஒரு அணி. மதியச் சாப்பாட்டுக்குள் யார் குவியல் உயரம் என்று ஏணி வைத்து அளப்பார்கள். தோற்ற அணியின் தலைவன் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சாஸேஜ் சுட்டுப் போட வேண்டும். போன வருஷம் எங்கள் மேலாறு தோற்று, கட்டினது கார்த். ஜில்லாவிலேயே கோடாரிப் போட்டியில் பெயர் வாங்கினவன், ஏப்ரனோடு நின்றான். கீழாற்றுத் தலைவனான அவன் சித்தி மகன் டெனிஸ் அதைப் படம் பிடித்து கிளப் சுவரில் மாட்டிவிட்டான். அந்த ஒரு வருஷம் ரேலீன் எத்தனை அடி வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது பொய். கொட்டகைக்கும் அவர்கள் அடுப்படிக்கும் நடுவே இருப்பது ஒரு தகரம்.

"ரேலீன், இன்னும் கொஞ்சம் ஏத்து," என்றான் கார்த்.

"எத?"

"அழுத்தத்த."

"ஏத்தமாட்டேன். வேகம் கேட்ட, குடுத்துட்டேன். ஒரு கட்டைக்குப் பதினெட்டு செகண்டு ஆகும், இப்ப ஏழு. இன்னும் என்ன வேணும்?"

"முறுக்குக் கட்ட வந்தா நிக்குது."

"நின்னா திருப்பி வையி. மரத்தோட எதுக்கு மல்லுக்கு நிக்கிற? பம்புலேர்ந்து வர்ற அந்த ஹோஸு பத்து வருஷப் பழசு. புதுசு திங்கக்கிழம வருது. அதுவரைக்கும் கேஜுல முள்ளு ரெண்டாயிரத்தி ஐநூறத் தாண்டக் கூடாது."

"சனிக்கிழம விறகு நாளு. ஹோஸு திங்கக்கிழம வந்தா கழுத்துல மாட்டிக்கவா?"

"மாட்டிக்க. அழகா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கார்த் கையில் இருந்த ஸ்பேனரை வீசினான். அது அவள் காதை ஒட்டிப் போய்த் தகரத்தில் மோதி, கொட்டகை முழுக்க அதிர்ந்தது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ரேலீன் அசையவில்லை. குனிந்து ஸ்பேனரை எடுத்து, பேன்ட்டில் துடைத்து, அதன் ஆணியில் மாட்டினாள்.

"அதோட எடம் இது," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அவள் போனதும் கார்த் இன்னொரு வேலை செய்தான். அந்த மிஷினுக்கு இரண்டு லிவர். இரண்டு கையாலும் இரண்டையும் பிடித்தால்தான் ஆப்பு நகரும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்தவன் அப்படிச் செய்திருந்தான். கார்த்துக்கு ஒரு கை சும்மா வேண்டும், அடுத்த கட்டையை இழுத்துப்போட. ஒரு லிவரை அறுத்து எறிந்துவிட்டு, மற்றதே போதும் என்கிற மாதிரி கம்பியை இழுத்துக் கட்டினான். அவன் அறுக்கும்போது லிவர் ஆடாமல் பிடித்துக்கொண்டவன் நான். தீப்பொறி என் கையுறையில் விழுந்து பொசுங்கின நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை எப்போதோ அவன் தனியாகப் போய் அழுத்த வால்வின் திருகையும் இரண்டு சுற்று இறுக்கியிருக்கிறான். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் மைதானத்துப் புல் உறைந்து, மிதித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. ஆற்றிலிருந்து எழுந்த பனி கோல் கம்பங்களை இடுப்புவரை மறைத்திருந்தது. ஆண்கள் நாற்பது பேர் இருப்போம். மேலாறு ஒரு பக்கம், கீழாறு எதிர்ப் பக்கம், நடுவில் மலைபோல வெட்டிப்போட்ட உருளைக் கட்டைகள். டெனிஸ் தன் மிஷினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான்.

"கார்த், ஏப்ரன தொவச்சு வச்சிருக்கேன். இடுப்பு பெருத்திருக்கான்னு சொல்லு, கயிறு நீட்டிடறேன்."

"ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லி ஒனக்கு அளவெடுடா."

விசில் ஊதினார்கள். ஒரு மணி நேரத்துக்கு எனக்கு வேறொன்றும் நினைவில்லை. கார்த் இடது கையால் லிவரைப் பிடிப்பான், வலது கையால் கட்டையை இழுப்பான், மிஷின் உறுமும், நாலு துண்டு விழும். நானும் இன்னும் ஆறு பேரும் எடுத்து வீசுவோம். முறுக்குக் கட்டைகள் வந்தபோதும் அது நிற்கவில்லை. அலறிக்கொண்டு உள்ளே போயிற்று. துண்டுகள் பறந்தன. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, சந்தோஷமாக இருந்தது. எங்கள் குவியல் கீழாற்றுக் குவியலைவிட ஓர் ஆள் உயரம் முன்னால் போய்விட்டது.

ரேலீன் மற்ற பெண்களோடு சூப் அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்த அலறல் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கரண்டியோடு நடந்து வந்து கேஜைக் குனிந்து பார்த்தாள்.

"கார்த், மூவாயிரத்தி அறுநூறு காட்டுது."

"நல்லதுதான."

"நிறுத்து. வால்வத் திருகிட்ட நீ. நிறுத்து இத."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த கட்டையில் மிஷின் தடுமாறியது. ஆப்பு பாதியில் நின்று நின்று போனது. பம்புப் பக்கம் புகை மாதிரி ஏதோ மெல்லிசாக எழுந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து டெனிஸ் கைதட்டினான்.

"என்னப்பா, மிஷினுக்கு மூச்சு வாங்குதா? சாஸேஜ் கருகாமப் பாத்துக்க!"

கோடாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முன்னால் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் மரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்ளே பனி ஏறியிருக்கிறதா, எங்கே முடிச்சு என்று கை சொல்லிவிடும் என்பார்கள். கண்ணை நம்பாதே, கையை நம்பு என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். கார்த்தின் கை அதில் பெயர்போன கை. அவன் இடது கையால் லிவரை அழுத்திப் பிடித்தபடியே, வலது கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினான். எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்க, அந்தக் கையை ஹோஸின் மேல் வைத்து மரத்தைத் தடவுகிற மாதிரியே தடவிக்கொண்டு போனான். இரண்டு லிவரும் இருந்திருந்தால் அவனுக்கு அந்தக் கை சும்மா இருந்திருக்காது.

"கைய எடு!" என்று ரேலீன் கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை.

அவன் கையை வெடுக்கென்று இழுத்தான். ரேலீன் பாய்ந்து என்ஜினை அணைத்தாள். மைதானத்தின் எங்கள் பாதி அமைதியாகிவிட்டது.

"காட்டு. கையக் காட்டு கார்த்."

அவன் காட்டினான். ஆள்காட்டி விரலின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. ரோஜா முள் குத்தினால் இதைவிடப் பெரிதாக இருக்கும். ரத்தம்கூட இல்லை.

"கெளம்பு. ஹோபார்ட் போறோம். இப்பவே."

"எதுக்கு?"

"எண்ணெய் உள்ள போயிருக்கு. அந்த ஓட்டையிலேர்ந்து ஊசி மாதிரி பாயும், தோலக் கிழிச்சுக்கிட்டுச் சதைக்குள்ள போயிடும். இப்ப வலிக்காது. சாயந்தரத்துக்குள்ள அறுத்துக் கழுவலேன்னா கை அழுகிடும். என்கூட வேல பாத்த ஒருத்தனுக்குத் தோளோட எடுத்தாங்க. வா."

கார்த் கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினான்.

"பாத்துக்கங்கப்பா. முள்ளு குத்துனதுக்கு ஆஸ்பத்திரி போகணுமாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சும்மா சிரித்தேன், மற்றவன் சிரிக்கிறான் என்று சிரித்தேன்.

"டெனிசு சொல்லி அனுப்புனானா ஒன்ன? மிஷின நிறுத்துன்னு?"

"கார்த், நான் சொல்றதக் கேளு. இந்த ஒரு தடவ கேளு. கை போயிடும்."

அவன் அடித்தான். அறை என்று சொன்னால் போதாது. கை விரிந்துதான் இருந்தது, ஆனால் அது முப்பது வருஷம் கோடாரி பிடித்த கை. அதே வலது கை. அவள் பக்கவாட்டில் சுழன்று விறகுக் குவியலில் மோதி, ஒரு முழங்காலில் விழுந்தாள். கரண்டி எங்கேயோ தெறித்தது. இடது கன்னத்தில் நாலு விரலும் வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது.

நாற்பது ஆண்கள். ஒருவன் இருமினான். டெனிஸ் தன் என்ஜினைக் குனிந்து பார்த்தான், அதில் பார்க்க ஒன்றுமில்லை. கிளப் தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு, "சரி சரி, நேரமாகுது, வேலையப் பாருங்கப்பா," என்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒரு துண்டு விறகை எடுத்துக் குவியலில் வைத்தேன். ஒழுங்காக, பட்டை மேல் பக்கம் வருகிற மாதிரி வைத்தேன்.

ரேலீன் எழுந்தாள். சட்டைப்பையிலிருந்து கட்டையில் குறி போடுகிற நீல மெழுகுக் கட்டியை எடுத்தாள். இடது கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தோலில் எழுதினாள். பட்டறைச் சுவரில் அந்த விதி ஒட்டியிருக்குமாம். யாருக்காவது இப்படிக் குத்தினால் நேரம், அழுத்தம், எண்ணெய் வகை மூன்றையும் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று. 10.10. 3600. மினரல் 46. பிறகு கீழே இன்னொரு நேரத்தை எழுதினாள்.

என்னிடம் வந்தாள். உதட்டோரம் வீங்கத் தொடங்கியிருந்தது.

"லெஸ், நீ சொன்னாக் கேப்பான்."

"இப்பச் சொன்னா இன்னும் கோவப்படுவான் ரேலீன். சாப்பாட்டுக்கு நிறுத்துவாங்கல்ல, அப்பச் சொல்றேன்."

"அதுக்கு ரெண்டு மணி நேரமிருக்கு."

"பக்குவமாச் சொல்லணும்ல."

அவள் என்னைப் பார்த்தாள். போய் வண்டியில் சாவியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கார்த் கிளப்பின் டிராக்டரிலிருந்து ஹோஸைக் கழற்றி மாட்டினான். கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை முக்கால் மணி ஆயிற்று. ஸ்பேனர் அவன் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. அதைக் கண்டும் காணாமல் இருந்தேன். அப்புறம் வெறி பிடித்தவன் மாதிரி பிளந்தான். வலது கையை அதிகம் பயன்படுத்தாமல் தொடையாலும் முழங்கையாலும் கட்டையை நகர்த்தினான்.

பன்னிரண்டரைக்கு ஏணி வைத்து அளந்தார்கள். ஒரு சாண் உயரத்தில் மேலாறு ஜெயித்தது. ஆட்கள் கத்தினார்கள், தொப்பிகளை வீசினார்கள். டெனிஸ் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டிக் காட்டினான். சாஸேஜ் புகையும் வெங்காய வாசமும், பட்டாணி சூப்பும், யாரோ கொண்டுவந்த, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பையும். யாரோ கார்த்திடம் ஒரு பீர் டின்னை எறிந்தார்கள். அவன் வலது கையை நீட்டினான். டின் விரல்களில் பட்டு, பிடிபடாமல், கீழே விழுந்து உருண்டது.

"கையில வெண்ண தடவியிருக்கான்டா!" என்று சிரித்தார்கள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கை மடியில் கிடந்தது. ஆள்காட்டி விரல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்து விறைத்திருந்தது. உள்ளங்கை உப்பி, தோல் பளபளத்தது. தொட்டேன், ஐஸ்.

"கார்த், ரேலீன் சொன்னது..."

"குளிருக்கு மரத்துப் போச்சு. அவ்வளவுதான்."

"அடுத்த கை மரத்துப் போகலியே."

அவன் இன்னும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, இடது கையால் தின்று, ஜெயித்த கதையைப் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு வார்த்தையில் குரல் அறுந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்து நேராக வண்டிக்கு நடந்தான். மூன்று மணி நேரமாக அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், சாவி போட்டபடி.

"வண்டிய எடு," என்றான்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கார்த்தின் கையை அவன் நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்துக்கொண்டேன். ஹோபார்ட்டுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம், எல்லாம் வளைவு. அவள் ஓட்டின ஓட்டில் ஒவ்வொரு வளைவிலும் நான் கதவோடு மோதினேன். ஓரிடத்தில் கங்காரு சாதியில் சின்னதான ஒரு வாலபி குறுக்கே வந்தது. அவள் திருப்பவில்லை. தட்டென்று ஒரு அடி, சக்கரம் ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

வலி அப்போதுதான் வந்தது. வந்ததும் அவன் வாய் திறந்தது.

"வேணும்னே பழைய ஹோஸப் போட்ட நீ."

அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

"ஒனக்குத் தெரியும் அது வெடிக்கும்னு. நான் போகணும்னு பாத்த. பிசாசே."

"கார்த், வாய மூடு," என்றேன். பதினோரு வருஷத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் கடுமையான வார்த்தை அதுதான்.

அவன் இடது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான். வண்டி வலது பக்கம் பாய்ந்தது. எதிரில் மரம் ஏற்றின லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை உரசிக்கொண்டு போனது. நான் பின்னாலிருந்து அவன் கழுத்தை முழங்கையால் வளைத்து இழுத்தேன். அவன் மூச்சுத் திணறும்வரை இழுத்தேன். இதைச் செய்ய எனக்குத் தெம்பு இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாலத்துக்கு முன்னால் ஆட்டு மந்தை. இருநூறு ஆடு இருக்கும், ரோடு முழுக்க. மோட்டார் சைக்கிளில் ஒருத்தனும் இரண்டு நாயும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ரேலீன் நிறுத்தினாள். என்ஜினையும் அணைத்தாள்.

"ஆட்டு மேல ஏத்து," என்றான் கார்த். "ஏத்திட்டுப் போ."

ஆடுகள் இரண்டு பக்கமும் வண்டியை உரசிக்கொண்டு போயின. ஈரக் கம்பளி நாற்றம். கடைசி ஆடும் போயிற்று. ஓட்டினவன் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனான். ரோடு காலி. அவள் சாவியைத் தொடவில்லை.

"ரேலீன்?" என்றேன்.

"பத்து பத்துக்கு நான் என்ன சொன்னேன்?"

"வண்டிய எடுடீ."

"என்ன சொன்னேன்னு சொல்லு. அப்புறம் எடுக்கறேன்."

"ரேலீன், ஒவ்வொரு நிமிஷமும்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அது எனக்குத் தெரியும் லெஸ். அங்க இருந்த நாப்பது பேர்ல எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவன் வைதான். எங்கள் ஊரில் மாட்டுக்கும் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னான். அவள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. அவன் வைவதை நிறுத்தினான். அழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வான்னு சொன்ன."

"அப்புறம்?"

"கை போயிடும்னு சொன்ன."

"அதுக்கு நீ என்ன பண்ண?"

"அடிச்சேன்."

அவள் சாவியைத் திருப்பினாள்.

ஆஸ்பத்திரியில் அந்த நீல எழுத்தைக் காட்டினதும் எல்லாம் வேகமாக நடந்தது. படுக்கையில் தள்ளிக்கொண்டு போனார்கள், சட்டையைக் கத்தரித்தார்கள், ஊசி போட்டார்கள். அறுவை டாக்டர் ஒரு பெண், வயது முப்பத்தைந்து இருக்கும். ரேலீனின் கையைப் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"இத எழுதினது யாரு?"

"நான்தான்."

"ரொம்ப நல்லது. உள்ள என்ன போயிருக்கு, எவ்வளவு வேகமாப் போயிருக்குன்னு நாங்க தேட வேண்டியதில்ல. ஆனா அஞ்சு மணி நேரம் ஆயிருக்கே. அப்பவே இது என்னன்னு தெரிஞ்சவங்க ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க?"

ரேலீன் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து கார்த் பேசினான். பாலத்தருகே அழுதவன் குரல் இல்லை அது. கிளப்பில் பேசுகிற குரல்.

"அவ சொல்லவே இல்ல டாக்டர். மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல. வண்டிக்குள்ள போயி உக்காந்துக்கிட்டா."

டாக்டர் அவளைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கீழே இருந்த இரண்டாவது நேரத்தின் மேல் விரலை வைத்தாள்.

"முதல் நேரம் குத்தினது. இந்த பத்து பதினொண்ணு என்ன?"

"நான் அவன்கிட்டச் சொன்னதுக்குப் பதில் வந்த நேரம்," என்றாள் ரேலீன். முடியை ஒதுக்கிக் கன்னத்தைக் காட்டினாள். கண்ணுக்குக் கீழே கருநீலமாகக் கன்றியிருந்தது, நாலு விரலும் எண்ணலாம்.

"அது கட்ட தெறிச்சது," என்றான் கார்த். "முறுக்குக் கட்ட. எங்க வேலைல சகஜம். லெஸ்ஸக் கேளுங்க. அவன் காலுலகூடப் பட்டிருக்கு. சொல்லு லெஸ்ஸு."

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். கையில் பேனாவும் அட்டையும் இருந்தது. நர்ஸும் பார்த்தாள். கார்த் பார்த்தான். நட்பாகத்தான் பார்த்தான், அதுதான் கொடுமை. இவன் எப்போதும் போல விறகை அடுக்குவான் என்கிற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. என் கால் வீக்கம் விண் விண்ணென்று தெறித்தது. பதினோரு வருஷமாக என் வாயில் இருந்த கொழுக்கட்டையை எப்படித் துப்பினேன் என்று தெரியவில்லை.

"என் காலுல பட்டது கட்ட," என்றேன். "அவ முகத்துல பட்டது கட்ட இல்ல. இவன் கை. இந்தக் கைதான். அவ கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னா, இவன் அடிச்சான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

டாக்டர் எழுதினாள். இரண்டு நேரத்தையும் எழுதினாள், என் முழுப் பெயரையும் கேட்டு எழுதினாள். கார்த் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவனுடைய வலது தோள் இறுகியது. முஷ்டி பிடிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது, அந்தத் தோளை நான் நன்றாக அறிவேன். ஆனால் கீழே விரல்கள் ஒன்றுகூட அசையவில்லை. அவனும் அதைக் குனிந்து பார்த்தான். அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முழங்கைவரை பிளந்து கழுவினார்கள். மூன்று விரல் போயிற்று. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. அது பிறகு தெரிந்தது.

அன்றைக்கு வராந்தாவில் ரேலீன் கை கழுவுகிற தொட்டியில் அந்த நீல மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்த தண்ணீருக்கு அது போகாது, தோல்தான் சிவந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குள் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"சொல்லிட்டேன் ரேலீன்," என்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைச் சட்டையில் துடைத்தாள்.

"அவன் அஞ்சு மணி நேரம் லேட்டா வந்தான். அதுக்கே வெரலு தங்குமான்னு தெரியாதுங்கறாங்க," என்றாள். "நீ பதினோரு வருஷம் லேட்டு, லெஸ்."

சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.